ட்ரிபிள் டபிள்யூ போட்டால் மட்டும் திறக்கும் தளத்தை, போடாமலும் திறக்க வைப்பது எப்படி?

டொமைன் வாங்கியாயிற்று. ஹோஸ்டிங்குக்கும் பணம் கட்டியாயிற்று. முன்னால் ட்ரிபிள் டபிள்யூ போட்டு அடித்தால் தளம் வருகிறது. வெறும் பெயரை அடித்தால் ‘இந்தத் தளத்தை அணுக முடியவில்லை’ என்று வருகிறது. சிலருக்கு இதற்கு நேர்மாறு. இன்னும் சிலருக்கு இரண்டுமே திறக்கும், ஆனால் ஒன்றில் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து பார்வையாளரைப் பயமுறுத்தும். ஹோஸ்டிங்காரரிடம் கேட்டால் டொமைன் வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்பார். அங்கே கேட்டால் ஹோஸ்டிங்கில்தான் கோளாறு என்பார்கள். இந்த அலைச்சலை நன்றாகவே அனுபவித்தவன் என்ற முறையில், எந்த வரிசையில் எதைச் செய்தால் வேலை முடியும் என்று எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்று. நம்மகடை.காம் என்று உதாரணத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரும், அதற்கு முன்னால் ட்ரிபிள் டபிள்யூ சேர்த்த பெயரும் இணையத்தின் கணக்கில் இரண்டு தனித்தனி முகவரிகள். மெயில், பிளாக், ஷாப் என்று டொமைனுக்கு முன்னால் நாம் வைத்துக்கொள்ளும் துணைப்பெயர்களைப் போலத்தான் ட்ரிபிள் டபிள்யூவும். வழக்கத்தால் நிலைத்துவிட்டது, அதற்கென்று தனிச் சக்தி எதுவும் கிடையாது. தளத்துக்காரர் இரண்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தால் இரண்டும் திறக்கும், ஒன்றுக்குச் செய்திருந்தால் ஒன்றுதான். கூகுள்.காம் என்று அடித்தால் ட்ரிபிள் டபிள்யூ உள்ள முகவரியில் போய் நிற்கும். கிட்ஹப்புக்கு முன்னால் ட்ரிபிள் டபிள்யூ போட்டு அடித்தால் அதைக் கழற்றிவிட்டு வெறும் கிட்ஹப்.காமில் கொண்டுபோய் விடும். இரண்டும் சரியான ஏற்பாடுதான்.

வெறும் பெயரை இனி மொட்டை முகவரி என்றே சொல்கிறேன்.

ஒரு முகவரி ஒழுங்காகத் திறக்க மூன்று விஷயம் வேண்டும். எந்தப் பெயர் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு ரெக்கார்டு, அதாவது ஒரு பதிவு வரி, இருக்க வேண்டும். ரெக்கார்டு காட்டும் சர்வருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரைத் தாங்கிய எஸ்எஸ்எல் சான்றிதழ் (இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்கு உறுதி சொல்வது) அங்கே இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு முகவரி, ஆக மொத்தம் ஆறு. அநேகமாக இந்த ஆறில் ஒன்று விட்டுப்போனதுதான் உங்கள் பிரச்சினை. ஆறும் சரியானபின் ஒரு முகவரியை மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும்.

## 1. எது நிலையான முகவரி என்று முடிவெடுங்கள்

நோட்டீஸும் விசிட்டிங் கார்டும் அடித்தபின் இதை யோசிப்பவர்கள்தான் அதிகம். முதலிலேயே முடிவெடுத்துவிடுங்கள்.

எது சிறந்தது என்று தேடிப் பார்த்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். அதில் நேரம் செலவிட வேண்டாம். ட்ரிபிள் டபிள்யூ இருப்பதால் கூகுள் தேடலில் உங்கள் தளம் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. தளம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுத்தால் போதும்.

கூகுளின் பிளாகர் போன்ற தயார்நிலைச் சேவைகளில் வைத்திருந்தால் ட்ரிபிள் டபிள்யூவையே நிலையான முகவரியாக வையுங்கள். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன். சொந்தமாக விபிஎஸ், அதாவது தனி வாடகை சர்வர் எடுத்து, மாறாத ஐபி எண் (சர்வரின் எண் முகவரி) வைத்திருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பின்னாளில் ஒரே டொமைனில் கடை, பில்லிங், பிளாக் என்று பல துணைப்பெயர்கள் வரப்போகிறது என்றால் ட்ரிபிள் டபிள்யூ பக்கம் சாய்வது நல்லது, குக்கீகளை (தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகள்) தனித்தனியாக அடக்கி வைக்க அது உதவும்.

தமிழிலேயே டொமைன் வாங்குபவர்களுக்கு மட்டும் என் ஆலோசனை வேறு. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன்கள் உண்டு. அப்படி ஒரு பெயருக்கு முன்னால் ட்ரிபிள் டபிள்யூ வைத்தால், போனில் முதலில் ஆங்கில விசைப்பலகைக்குப் போய் மூன்று எழுத்தை அடித்து, பிறகு தமிழுக்கு மாறி மீதியை அடிக்க வேண்டும். யாரும் அடிக்க மாட்டார்கள். அங்கே மொட்டை முகவரியே நிலையான முகவரியாக இருக்கட்டும். இன்னொன்று, டிஎன்எஸ் பலகையில், அதாவது ரெக்கார்டு எழுதும் பக்கத்தில், உங்கள் தமிழ்ப் பெயர் தமிழில் தெரியாமல், ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், அதுவும் உங்கள் பெயர்தான். சான்றிதழ் எடுக்கும்போதும் ரீடைரக்ட் (ஒரு முகவரியை மற்றதற்குத் திருப்பும் கட்டளை) எழுதும்போதும் அந்தக் கோவையைத்தான் கேட்பார்கள் என்பதால் ஒரு நோட்பேடில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிலும் முடிவெடுக்க முடியவில்லையா? ட்ரிபிள் டபிள்யூ. தொல்லை குறைவு.

## 2. கையில் இருக்க வேண்டியவை

டொமைன் வாங்கிய இடத்தின் லாகின், ஹோஸ்டிங் லாகின், டிஎன்எஸ் வேறு இடத்தில் இருந்தால் அதன் லாகின். இவற்றோடு, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் இன்றைக்கும் உயிரோடு இருக்க வேண்டும், ஓடிபி அங்கேதான் வரும்.

நம் ஊரில் பெரிய சிக்கலே இங்கேதான். தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கில், தன் பெயரில் வாங்கியிருப்பார். அவர் நல்லவராகவே இருந்தாலும் வேலை மாறிப் போயிருப்பார், எண் மாறியிருக்கும். இன்றைக்கே பாருங்கள்: டொமைனின் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா? இல்லாவிட்டால் அவரிடம் பேசி, உங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே பதிவு நிறுவனத்துக்குள் கணக்கு மாற்றுவது பெரும்பாலும் சில நிமிட வேலை. வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் பூட்டை எடுத்து, டிரான்ஸ்ஃபர் கோடு வாங்க வேண்டும். .காம் போன்ற டொமைன்கள் புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகாமல் இடம் மாறாது. அவர் கிடைக்கவே இல்லையென்றால் பணம் கட்டிய ரசீது, ஜிஎஸ்டி சான்று, நிறுவனத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் ஆகியவற்றோடு பதிவு நிறுவனத்துக்கு எழுத வேண்டியிருக்கும். அது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை.

புதிதாகப் பதிந்தவர்கள் மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்தத் தவறாதீர்கள். .காம் போன்றவற்றுக்கு 15 நாள் கெடு. தவறினால் டொமைனையே நிறுத்திவைப்பார்கள். அப்போது எந்த முகவரியும் திறக்காது, நீங்கள் டிஎன்எஸ்ஸில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக, இப்போது இருக்கும் டிஎன்எஸ் ரெக்கார்டு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதையாவது கெடுத்துவிட்டால் திரும்பி வர அதுதான் துணை.

## 3. டிஎன்எஸ் எந்தப் பலகையில் ஓடுகிறது என்று பாருங்கள்

டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு டிஎன்எஸ் பலகை இருக்கும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் இன்னொன்று. தளத்துக்கு முன்னால் நின்று டிஎன்எஸ்ஸையும் பார்த்துக்கொள்ளும் கிளவுட்ஃபிளேர் சேவையைப் போட்டிருந்தால் மூன்றாவது. மூன்றிலும் ரெக்கார்டு எழுத இடம் கொடுப்பார்கள், ஆனால் உலகம் கேட்பது ஒன்றை மட்டும்தான். எதை என்பதை நேம்சர்வர், அதாவது உங்கள் டொமைனின் ரெக்கார்டுகளைக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர், தீர்மானிக்கிறது. டொமைன் வாங்கிய இடத்தில் நேம்சர்வர் என்ற பகுதியைத் திறந்து, அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடைய பலகைக்குப் போங்கள். மற்ற பலகைகளில் நீங்கள் என்ன எழுதினாலும் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. நேரத்தை அதிகமாக விழுங்கும் பொறி இதுதான் என்று சொல்வேன்.

இதற்காக நேம்சர்வரையே மாற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். மாற்றினால் மெயில் ரெக்கார்டு உட்பட எல்லாவற்றையும் புதிய இடத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தளம் வரும், மெயில் போய்விடும்.

## 4. இரண்டு பெயருக்கும் ரெக்கார்டு போடுங்கள்

பலகையில் மொட்டை முகவரியை @ என்ற குறியால் காட்டுவார்கள். ட்ரிபிள் டபிள்யூவுக்கு அந்த மூன்று எழுத்தை மட்டும் பெயர் கட்டத்தில் எழுத வேண்டும். முழு முகவரியையும் அங்கே எழுதினால் பல பலகைகள் அதன் பின்னால் டொமைனை இன்னொரு முறை ஒட்டிவிடும். ட்ரிபிள் டபிள்யூவுக்குப் பின்னால் நம்மகடை.காம்.நம்மகடை.காம் என்று ஒரு விசித்திரப் பெயர் உருவாகும், நீங்கள் எதிர்பார்த்தது உருவாகாது. சேமித்தபின் பட்டியலில் பெயர் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ரெக்கார்டில் இரண்டு வகை நமக்கு முக்கியம். ஏ ரெக்கார்டு என்பது பெயருக்கு நேராக ஐபி எண்ணைச் சொல்வது. சிநேம் என்பது ‘இந்தப் பெயருக்கு அந்தப் பெயரிடம் கேட்டுக்கொள்’ என்று இன்னொரு பெயரைக் காட்டுவது. பெரிய சேவைகள் சிநேமைத்தான் விரும்புகின்றன, ஏனென்றால் நாளைக்கு அவர்கள் ஐபியை மாற்றினாலும் உங்களிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் ட்ரிபிள் டபிள்யூவுக்கு வேலை வருகிறது. சிநேம் இருக்கும் பெயரில் வேறு எந்த ரெக்கார்டும் இருக்கக் கூடாது என்பது டிஎன்எஸ் விதி. 1987இல் எழுதிய விதி, இன்றும் அப்படியே நிற்கிறது. மொட்டை முகவரியிலோ நேம்சர்வர் ரெக்கார்டும் எஸ்ஓஏ ரெக்கார்டும் (டொமைனின் நிர்வாகத் தகவல்) கட்டாயம் இருந்தாக வேண்டும். மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டும் அங்கேதான் இருக்கும், ஏனென்றால் உங்கள் மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது மொட்டைப் பெயர். ஆக, மொட்டை முகவரிக்குச் சிநேம் போட முடியாது. ட்ரிபிள் டபிள்யூவுக்குத் தாராளமாகப் போடலாம். பல சேவைகள் ‘ட்ரிபிள் டபிள்யூவோடு வா’ என்று கேட்பதன் காரணம் இவ்வளவுதான்.

பெரும்பாலான பலகைகள் @ குறிக்குச் சிநேம் போட்டால் பிழை காட்டித் தடுத்துவிடும். சில தடுக்காது. தெரிந்த ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில், தளத்தைப் புதிய இடத்துக்கு மாற்றியவர் @ குறிக்குச் சிநேம் போட்டுவிட்டார். தளம் அழகாகத் திறந்தது. ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாள் நெருங்கும் நேரத்தில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய மெயில் எல்லாம் திரும்பி ஓடியது. மெயில் சர்வர்கள் சிநேமைப் பின்பற்றிப் போய், தளம் இருக்கும் இடத்தில் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தேடிக்கொண்டிருந்தன. தளத்தில் குறை எதுவும் தெரியாததால் டிஎன்எஸ் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அப்படியானால் மொட்டை முகவரிக்கு என்னதான் செய்வது? மூன்று வழி.

சேவைக்காரர்கள் ஐபி எண் கொடுத்திருந்தால் ஏ ரெக்கார்டாகப் போட்டுவிடுங்கள். பிளாகருக்கு 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21 என்று நான்கு. கிட்ஹப்பின் தளம் வைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸுக்கு 185.199.108.153 தொடங்கி 109, 110, 111 என்று மூன்றாம் எண் மட்டும் மாறும் நான்கு. நான்கையும் தனித்தனி ரெக்கார்டாக எழுத வேண்டும். போடுமுன் அவர்களுடைய உதவிப் பக்கத்தில் எண்களை ஒருமுறை சரிபாருங்கள்.

ஐபி கொடுக்க மாட்டோம் என்கிற சேவையானால், மொட்டை முகவரியிலும் சிநேம் போன்ற வசதி தரும் டிஎன்எஸ்ஸுக்கு மாறலாம். கிளவுட்ஃபிளேர் இதை இலவசத் திட்டத்திலேயே தருகிறது. நீங்கள் சிநேம் எழுதினாலும், கேட்பவர்களுக்கு அது ஐபி எண்ணாக மாற்றிக் கொடுத்துவிடும். வேறு சில இடங்களில் இதற்கு அலியாஸ் அல்லது ஏநேம் என்று பெயர்.

மூன்றாவது வழி டொமைன் வாங்கிய இடத்தின் ஃபார்வேர்டிங் வசதி. அதில் ஒரு வில்லங்கம் உண்டு, ஏழாம் படியில் வருகிறது.

ரெக்கார்டு போடும்போது பழையவற்றை நீக்க மறக்காதீர்கள். டொமைன் வாங்கியதும் ‘விரைவில் வருகிறோம்’ பக்கத்துக்கு ஒரு ஏ ரெக்கார்டு தானாக இருக்கும். அதை நீக்காமல் உங்கள் ஐபியையும் சேர்த்தால் இரண்டும் மாறி மாறிப் போகும். ஒரு ஸ்வீட் கடைத் தளத்தில் இதுதான் நடந்தது. கடைக்காரர் ‘வருது தம்பி, ஆனா சில சமயம் விளம்பரப் பக்கம் வருது’ என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பாதிப் பேருக்கு இனிப்புப் பட்டியல், பாதிப் பேருக்கு டொமைன் விளம்பரம்.

இன்னொன்று குவாட் ஏ ரெக்கார்டு, அதாவது புதிய வகை ஐபியான ஐபிவி6 எண்ணைச் சொல்வது. பழைய ஹோஸ்டிங்கின் குவாட் ஏ அப்படியே கிடந்தால், ஐபிவி6 இல்லாத அலுவலக இணைப்பில் புதிய தளம் திறக்கும், மொபைல் டேட்டாவில் பழையது திறக்கும் அல்லது எதுவுமே திறக்காது. ஏ ரெக்கார்டை மாற்றும்போது குவாட் ஏ இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய ஹோஸ்டிங்கில் ஐபிவி6 இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

## 5. சர்வருக்கு இரண்டு பெயரையும் சொல்லுங்கள்

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். வந்து நிற்கும் பெயரைப் பார்த்துத்தான் சர்வர் பக்கத்தைக் கொடுக்கும். பெயர் தெரியாவிட்டால் தன்னிடம் இருக்கும் இயல்புப் பக்கத்தைக் கொடுத்துவிடும். டொமைனை அடித்தால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் வெற்றுப் பக்கமோ சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் தளமோ வருகிறது என்றால் அநேகமாக இதுதான் காரணம்.

சிபேனலில் டொமைன் சேர்த்தால் ட்ரிபிள் டபிள்யூ பெயரும் கூடவே சேர்ந்துவிடும். சொந்த சர்வரில் ஓடும் வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் சர்வர்நேம் வரியில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். அப்பாச்சியில் ஒன்றை சர்வர்நேமிலும் மற்றதை சர்வர்அலியாஸிலும். தயார்நிலைச் சேவைகளில் கஸ்டம் டொமைன் என்ற இடத்தில் இரண்டையும் சேர்க்க வேண்டியிருக்கும். கிட்ஹப் பேஜஸில் ஒன்றைச் சேர்த்து, இரண்டுக்கும் டிஎன்எஸ் சரியாக இருந்தால் போதும், மற்றதை அதுவே திருப்பிவிடும்.

## 6. சான்றிதழில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும்

‘மொட்டை முகவரியை எப்படியும் ட்ரிபிள் டபிள்யூவுக்குத் திருப்பத்தானே போகிறோம், அதற்கு எதற்குச் சான்றிதழ்?’ என்று பலரும் கேட்பார்கள். திருப்பிவிடும் செய்தி பிரவுசருக்குப் போவதே பாதுகாப்பான இணைப்பு ஏற்பட்ட பிறகுதான். கதவைத் திறந்தால்தானே ‘அடுத்த வாசலுக்கு வாருங்கள்’ என்று சொல்ல முடியும். மொட்டை முகவரிக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் அங்கேயே எச்சரிக்கை வந்து, ஆள் திரும்பிப் போய்விடுவார்.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கலாம். ஒரே சான்றிதழில் இரண்டு பெயரையும் கேட்டு வாங்குங்கள். டிஎன்எஸ் சரியாக வந்துவிட்டது என்று உறுதியான பிறகே கேளுங்கள். அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் அழுத்தினால், ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றவுடன் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவார்கள்.

வைல்ட்கார்டு சான்றிதழ் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும் என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. நட்சத்திரக் குறி போட்ட அந்தச் சான்றிதழ் துணைப்பெயர்களுக்கு மட்டும்தான், மொட்டைப் பெயரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதுவும் ஒரு படிக்கு மட்டும். பிளாக்.நம்மகடை.காமுக்கு முன்னால் யாராவது ட்ரிபிள் டபிள்யூ சேர்த்து அடித்தால் அதற்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. துணைப்பெயர்களுக்கு முன்னால் ட்ரிபிள் டபிள்யூ போடும் பழக்கமே வேண்டாம்.

இரண்டு பெயரும் ஒரே சான்றிதழில் இருப்பதால் ஒரு பொறுப்பும் வருகிறது. ஆறு மாதம் கழித்து ‘இதை யார் பயன்படுத்துகிறார்கள்’ என்று ஒரு ரெக்கார்டை நீக்கினால், அடுத்த புதுப்பித்தல் இரண்டு பெயருக்கும் சேர்த்தே தோற்கும். லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலிருந்து காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதில்லை. நீங்களே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. ஒன்றை மற்றதற்குத் திருப்புங்கள்

இரண்டு முகவரியிலும் ஒரே தளம் தனித்தனியாகத் திறந்துகொண்டிருந்தால் தேடுபொறிகள் இரண்டு நகலாகப் பார்க்கும். ஒன்றில் லாகின் செய்தவர் மற்றதற்குப் போனால் வாங்குவதற்காகக் கார்ட்டில் சேர்த்த பொருள் காணாமல் போகும். அதனால் நிலையான முகவரிக்கு 301 ரீடைரக்ட், அதாவது நிரந்தரத் திருப்பம், போடுங்கள்.

301ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறாகப் போட்டுவிட்டால், நீங்கள் திருத்திய பிறகும் உங்கள் பிரவுசர் பழைய இடத்துக்கே ஓடும். ஆகவே முதலில் தற்காலிகத் திருப்பமான 302 போட்டுச் சோதித்து, சரியானபின் 301 ஆக்குங்கள்.

முகவரிக்குப் பின்னால் வரும் பகுதியும் கூடவே போக வேண்டும். விலைப்பட்டியல் பக்கத்தின் மொட்டை முகவரியை அடித்தால் விலைப்பட்டியலே திறக்க வேண்டும், முகப்புப் பக்கம் அல்ல. முகப்பை மட்டும் சோதித்தால் இது தெரியாது.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அமைப்புகளில் உள்ள இரண்டு முகவரிக் கட்டங்களில் எழுதிய பெயருக்கு வேர்ட்பிரஸே திருப்பிவிடும். அங்கே ட்ரிபிள் டபிள்யூ வைத்துவிட்டு, ஹோஸ்டிங்கில் மொட்டை முகவரிக்குத் திருப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டு, ‘அதிகமுறை திருப்பிவிடப்பட்டது’ என்ற பிழை வரும். இரண்டு இடத்திலும் ஒரே முடிவு இருக்கட்டும். மாட்டிக்கொண்டு உள்ளே போக முடியாவிட்டால் டபிள்யூபி கான்ஃபிக் கோப்பில் முகவரியை எழுதி மீளலாம். கிளவுட்ஃபிளேரில் எஸ்எஸ்எல்லை ஃபிளெக்ஸிபிள் என்று வைத்து, சர்வரிலும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு (சான்றிதழோடு வரும் பாதுகாப்பான இணைப்பு) திருப்பினால் இதே சுழல் வரும். ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்று மாற்றுங்கள்.

இனி அந்த ஃபார்வேர்டிங் வில்லங்கம். டொமைன் விற்கும் பல இடங்களில் தரும் ஃபார்வேர்டிங், பாதுகாப்பில்லாத வெறும் எச்டிடிபியில் மட்டும் வேலை செய்யும். எச்டிடிபிஎஸ்ஸில் அந்தப் பெயருக்கு அங்கே சான்றிதழ் இருக்காது. இப்போதைய பிரவுசர்கள் நாம் பெயரை மட்டும் அடித்தால் முதலில் எச்டிடிபிஎஸ்ஸைத்தான் முயலும். குரோமில் இது 2021இலிருந்து வழக்கம். அது கிடைக்காமல் பழைய வழிக்கு இறங்கும், அதற்குள் சில விநாடி ஓடிவிடும். தளம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வரும். எச்டிடிபிஎஸ் என்று முழுதாக எழுதிய இணைப்பை அழுத்தினால் இறங்கவும் வழியில்லை, நேராகப் பிழைதான். ஃபார்வேர்டிங்கை நம்புமுன் எச்டிடிபிஎஸ் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## 8. நான்கு விதமாகவும் அடித்துப் பாருங்கள்

எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும், மொட்டையாகவும் ட்ரிபிள் டபிள்யூவோடும், ஆக நான்கு. நான்கும் கடைசியில் ஒரே முகவரியில் போய் நிற்க வேண்டும். இன்காக்னிட்டோ சாளரத்தில் பாருங்கள், பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

கணினி குரோமின் முகவரிப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். 2019இல் வந்த 76ஆம் பதிப்பிலிருந்து ட்ரிபிள் டபிள்யூவை அது மறைத்துக் காட்டுகிறது. மொட்டை முகவரியில் நிற்கிறோம் என்று நினைப்பீர்கள், நிற்பது வேறு இடத்தில். பட்டையில் வலது சொடுக்கி, முழு முகவரியையும் எப்போதும் காட்டு என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து என்எஸ்லுக்கப் என்ற கட்டளையோடு முகவரியை அடித்தால் ஐபி எண் வரும். ‘நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்’ என்று வந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். ஐபி சரி, பக்கம் தவறு என்றால் ஐந்தாம் படி. எச்சரிக்கை வந்தால் ஆறு. சுழல் என்றால் ஏழு.

## 9. செலவும் நேரமும்

ட்ரிபிள் டபிள்யூவுக்கென்று யாருக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. டொமைன் உங்களுடையது என்றால் அதன் துணைப்பெயர் எல்லாமும் உங்களுடையதே. சான்றிதழும் சாதாரணக் கடைத் தளத்துக்கு இலவசமே போதும். பிரீமியம் டிஎன்எஸ் என்று பில்லில் சேர்க்கப் பார்ப்பார்கள், தொடக்கத்தில் தேவையில்லை. அமேசானின் ரூட் 53 போன்ற கட்டண டிஎன்எஸ்ஸே ஒரு டொமைனுக்கு மாதம் அரை டாலர்தான், கேள்விகளுக்கான சில்லறை தனி. டொமைன் வாங்கும்போது முதல் வருடச் சலுகையைப் பார்க்காமல் இரண்டாம் வருடம் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். இந்தியாவில் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும்.

நேரத்தைத் தீர்மானிப்பது டிடிஎல் என்ற எண். விநாடிக் கணக்கு. 14400 என்றிருந்தால் மாற்றம் எல்லோருக்கும் போய்ச்சேர நான்கு மணி நேரம், 300 என்றால் ஐந்து நிமிடம். நாளைக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் இன்றைக்கே 300 ஆக்கி வையுங்கள், வேலை முடிந்தபின் பழையபடி கூட்டிவிடலாம். நேம்சர்வரை மாற்றினால் மட்டும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும், .காமில் அந்தத் தகவலின் டிடிஎல் 172800.

ரெக்கார்டு எழுதுமுன் ஆவலில் அந்த முகவரியை அடித்துப் பார்க்காதீர்கள். ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற பதிலையும் டிஎன்எஸ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். எழுதி முடித்த பிறகும் உங்களுக்கு மட்டும் திறக்காமல் அடம்பிடிக்கும்.

## 10. வெளியே கொடுத்த முகவரிகளைத் திருத்துங்கள்

தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் டொமைன் பிராப்பர்ட்டி என்ற வகையில் சேருங்கள், ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு போட்டால் இரண்டு முகவரியும் அதில் அடங்கிவிடும். கூகுள் மேப் பட்டியல், வாட்ஸ்அப் பிசினஸ், ஃபேஸ்புக் பக்கம் எல்லாவற்றிலும் நிலையான முகவரியையே எழுதுங்கள்.

பேமென்ட் கேட்வே வைத்திருப்பவர்கள் வெப்ஹூக் முகவரியை, அதாவது பணம் வந்த செய்தியை அவர்கள் அனுப்பும் முகவரியை, உடனே பாருங்கள். அது திருப்பிவிடும் முகவரியாக இருந்தால், பணம் வந்த செய்தி வழியிலேயே நின்றுவிடலாம். 301ஐப் பின்பற்றும்போது விவரத்தைச் சுமந்து வரும் போஸ்ட் கோரிக்கை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் ஆக மாறி உள்ளிருக்கும் விவரம் உதிர்ந்துபோவதும் உண்டு. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், உங்கள் பக்கம் ஆர்டர் ‘நிலுவை’ என்றே நிற்கும். மேப் கீ, கூகுள் லாகின் போன்றவற்றில் அனுமதித்த முகவரிப் பட்டியலில் இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

க்யூஆர் கோடு தயாரிக்கும்போது எச்டிடிபிஎஸ் தொடங்கி முழு நிலையான முகவரியைக் கொடுங்கள். பேனர் அச்சுக்குப் போகுமுன் அதைக் கடையில் இருக்கும் வேறு யாராவது ஒருவரின் போனில், மொபைல் டேட்டாவில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். உங்கள் போனில் பழைய பக்கம் நினைவில் இருக்கும்.